வேதமுத்துவின் ரயில் வரைபடம்

கடவுளின் முழுத் திட்டமும் தனக்குப் புரிந்துவிட்டது என்று வேதமுத்து, நாற்பத்திரண்டாம் வருஷத்து லெந்து நோன்புக் காலத்தில் ஒரு சாயங்காலம், காவேரிப் பாலத்தின் நடுவே சைக்கிளை நிறுத்திவிட்டு அறிவித்தான். குரலில் பெருமை எதுவும் இல்லை. இன்றைக்கு வீட்டில் வத்தக்குழம்பு என்று சொல்கிறவனின் நிதானம்தான் இருந்தது. வேதப்புத்தகத்தின் முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை ஓடுவது ஒரே ஒரு நோக்கம். அதைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகவும், குருத்தோலை ஞாயிறன்று பொன்மலை சபையின் வாலிபர் சங்கத்தில் விளக்கப்போவதாகவும் சொன்னான். பி.ஏ. பரீட்சைக்கு வைத்திருந்த ஐரோப்பிய சரித்திரம் அவனுக்கு இன்னும் புரிந்திருக்கவில்லை. அது அவனை உறுத்தவும் இல்லை. மனுஷர்கள் நடத்திய காரியத்தில் குழப்பம் இருப்பது இயற்கைதானே.

"முழுசுமா?" என்றான் சௌரிராஜன். ஸ்ரீரங்கத்துக்காரன், வகுப்புத் தோழன். தினமும் கல்லூரி விட்டதும் இந்தப் பாலம் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வருவது வழக்கம்.

"முழுசும்."

"பேஷ். எங்க பெருமாள் எத்தனையோ யுகமா படுத்துண்டே யோசிச்சிண்டிருக்கார். இன்னும் ஒரு முடிவுக்கு வந்ததாத் தெரியலை. நீ நின்னுண்டே முடிச்சுட்டியே."

வேதமுத்து சிரிக்கவில்லை. பெரிய விஷயங்களைக் கண்டுபிடித்தவர்கள் சின்ன விஷயங்களுக்குச் சிரிப்பதில்லை என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

கண்டுபிடிப்பு ஒரு காடாத் துணியில் இருந்தது. அவனுடைய அப்பா பாக்கியநாதன் பொன்மலை ரயில் பட்டறையில் பாய்லர் மேஸ்திரி. குடியிருப்பது ரயில்வே குவார்ட்டர்ஸ். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு உலகத்தில் எதுவும் தண்டவாளம் இல்லாமல் புரியாது. ஆகவே வேதம் முழுவதையும் ஒரு ரயில் பாதையாக வரைந்திருந்தான். ஏதேன் தோட்டத்தில் புறப்பாடு. அடுத்ததாக வீழ்ச்சி, அங்கே விபத்துக்கு அடையாளமாகச் சிவப்புக் கொடி. ஆபிரகாம் ஒரு பெரிய ஜங்ஷன். எகிப்தில் வண்டி வெகுநேரம் நிற்கும். பாபிலோன் சிறையிருப்பு, வண்டியைத் திருப்பிவிட்ட கிளைப் பாதை. பெத்லகேம் சின்ன ஸ்டேஷன்தான், ஆனாலும் மெயில் நிற்கும். பிறகு சிலுவை நின்ற கொல்கொதா, அங்கே எல்லாத் தண்டவாளங்களும் ஒன்றாகச் சேர்கின்றன. கடைசியில் பரலோக நகரமான புதிய எருசலேம், மஞ்சள் மசியில், பன்னிரண்டு வாசல்களோடு. வண்டி அதற்கு மேல் போகாது.

வனாந்தரத்தில் ஜனங்கள் கடவுளுக்கென்று ஆசரிப்புக் கூடாரம் கட்டிய அதிகாரங்களுக்கு மட்டும் அவன் ஸ்டேஷன் கொடுக்கவில்லை. திரை இத்தனை முழம், கொக்கி இத்தனை, தோல் இன்ன நிறம் என்று பக்கம் பக்கமாகப் போகிற அளவுக் கணக்கில் ஒரு நோக்கமும் அவனுக்குத் தட்டுப்படவில்லை. பாதை ஓரமாகச் சின்னச் சதுரம் ஒன்று போட்டு, 'கூட்ஸ் ஷெட்' என்று எழுதிவிட்டான்.

துணி அவனுடைய அக்கா அமிர்தம் கொடுத்தது. மெத்தை உறை தைக்க வைத்திருந்தாள். ரங்கூனுக்குக் கொண்டுபோக வேண்டிய மெத்தை.

அமிர்தத்தின் புருஷன் விக்டர் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. போன ஆனி மாதம் லீவில் வந்துவிட்டுப் போனான். ஜனவரியில் வீடு பார்த்துக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. மாசியில் ரங்கூனே எதிரி கைக்குப் போய்விட்டது என்று பட்டறை முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அங்கேயிருந்த நம்மவர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் வருகிறார்கள் என்றார்கள். கால்நடையாக என்றால் எவ்வளவு தூரம் என்று அமிர்தம் அப்பாவைக் கேட்டாள். அவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து நெடுநேரம் பாக்குத் தேடினார்.

அந்தக் கிறிஸ்துமஸிலிருந்து அமிர்தத்துக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. விடிந்ததும், காப்பிக்கு முன்னால், வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக் கண்ணை மூடுவாள். புத்தகத்தைக் குத்துமதிப்பாகத் திறந்து விரலை வைப்பாள். விரல் பட்ட வசனம் அன்றைக்கு விக்டரைப் பற்றிய சேதி. ஆட்டு மந்தை என்று வந்தால் அவன் ஆட்கள் கூட்டத்தோடு பத்திரமாக இருக்கிறான். ஆறு என்று வந்தால் ஆற்றைக் கடந்துவிட்டான். புலம்பல், பட்டயம், கல்லறை என்று ஏதாவது வந்தால் சட்டென்று மூடிவிட்டு, முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை திறப்பாள்.

இந்த இன்னொரு தடவைதான் வேதமுத்துவால் பொறுக்கமுடியாதது.

"அக்கா, கடவுள் முதல்ல சொன்னது தப்பா? திருத்திச் சொல்லுங்கன்னு ரெண்டாவது சான்ஸ் குடுக்கிறியா?"

"விரல் சரியா படலைடா."

"ஓடுற வண்டியில தூங்கி எழுந்து, கண்ணுல பட்ட போர்டைப் படிச்சிட்டு, ஊர் வந்திருச்சுன்னு குதிக்கிறவன் கணக்கா இருக்கு உன் காரியம். வண்டி எங்கேர்ந்து எங்க போகுதுன்னு பாக்கணும்க்கா. ஒரு போர்டுல என்ன இருக்கு?"

"நீ படிச்சவன், மொத்தமா பாக்கிற. எனக்கு மொத்தமெல்லாம் எதுக்கு? எனக்கு ஒரு ஆளைப் பத்தித்தானே தெரியணும்," என்பாள், கோபமில்லாமல்.

ஒரு நாள் அவள் விரல் போய் விழுந்தது அந்தக் கூட்ஸ் ஷெட்டில். ஆசரிப்புக் கூடாரத்துத் திரைகளின் நீள அகலம். வேதமுத்து பல் தேய்க்கிற கரித்தூள் வாயோடு ஓடிவந்து, "இன்னிக்கு என்ன சேதி? அத்தான் ஜவுளிக் கடை வச்சிருக்காரா?" என்றான். அமிர்தம் அந்த வரிகளை இரண்டு தரம் படித்தாள். மூடவில்லை. "கூடாரத்துல இருக்காங்க," என்றாள். அன்று கல்லூரியில் வேதமுத்து இதை ஆறேழு பேரிடம் அபிநயத்தோடு சொன்னான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பங்குனியில் ஒரு காலை அவள் விரல், சிதறிப்போனவர்களைப் பூமியின் கடைசி முனைகளிலிருந்து திரும்பக் கூட்டிவரும் ஒரு தீர்க்கதரிசனத்தின் மேல் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மத்தியானமானால் கிளம்பிவிடுவாள். பொன்மலையிலிருந்து வெயிலில் நடந்து திருச்சி ஜங்ஷனுக்குப் போய், எழும்பூர் வண்டி வந்து காலியாகும்வரை பிளாட்பாரத்தில் நிற்பாள். விக்டர் விட்டுவிட்டுப் போன கோடு போட்ட சட்டை ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாரா வாரம் அதைத் துவைத்து, கரிப் பெட்டி போட்டுத் தேய்த்து, மறுபடியும் அதே ஆணியில் மாட்டுவாள். வருகிறவன் வழியில் அழுக்காகி வருவான் அல்லவா.

"கொழாயடியில பேசுறாங்கடா," என்றாள் அம்மா அற்புதம்மாள், மகனைத் தனியாக அடுக்களைக்குக் கூப்பிட்டு. "டிக்கெட் கேக்கிறவன்கூட இப்ப அவளைப் பாத்தா கேக்கிறதில்லையாம், ஒதுங்கிக்கிறானாம். நான் சொன்னா அழறா. உங்கப்பா வாயையே தொறக்க மாட்டேங்கிறார். நீதான் கடவுளோட திட்டமெல்லாம் தெரிஞ்சவனாச்சே. ஸ்டேஷனுக்குப் போறதை நிறுத்துன்னு அவளுக்கு ஒறைக்கிற மாதிரி சொல்லு."

வேதமுத்து தன் ஊழியத்துக்கு ஓர் அவசியம் ஏற்பட்டுவிட்டதை உணர்ந்தான்.

குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் சபை மண்டபத்தில் நல்ல கூட்டம். காலையில் பிடித்த ஓலைகள் வாடி மூலையில் கிடந்தன. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள், முன்னால் நாற்காலியில் சபை ஐயர் என்கிற பாதிரியார். கடைசி பெஞ்சில், நெற்றி நிறைய ஸ்ரீசூர்ண நாமத்தோடு சௌரிராஜன். இரண்டு பேர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். "ஐயரைப் பாக்க வந்தேன்," என்று அவன் பவ்யமாகச் சொன்னதில் அவர்களுக்கு மேற்கொண்டு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

காடாத் துணியை விரித்துச் சுவரில் மாட்டியதும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் ரயில்வேக்காரர்கள். வேதமுத்து மூங்கில் குச்சியை எடுத்தான். ஏதேனிலிருந்து வண்டி புறப்பட்டது. அவன் உண்மையிலேயே நன்றாகப் பேசினான். மனுஷன் கடவுளை விட்டு ஓடுகிறான், கடவுள் விடாமல் பின்னாலேயே வருகிறார், இவ்வளவுதான் ஆயிரம் பக்கமும் என்று சொன்னபோது, எழுதிவைத்திராத அந்த வாக்கியம் எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே திகைப்பாக இருந்தது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இப்படி ஒரு வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது," என்று தொடர்ந்தான், "சிலபேர் என்ன பண்றாங்க?" குச்சியைக் கக்கத்தில் இடுக்கினான். கண்ணை இறுக்கி மூடினான். இல்லாத புத்தகம் ஒன்றைத் திறந்து, ஆகாயத்தில் விரலைச் சுழற்றி, தொப்பென்று வைத்தான். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான். புத்தகத்தை மூடி, தோளில் இல்லாத முந்தானையை இழுத்து விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினான்.

மண்டபம் அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில்தான் சிரிப்பு அதிகம்.

கூட்டம் கலைந்த பிறகு துணியைச் சுருட்டப் போனவன், அமிர்தம் அதன் முன்னால் நிற்பதைப் பார்த்தான். ஒவ்வொரு ஸ்டேஷனாகப் படித்துக்கொண்டு வந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்து இரண்டு பதில் தயாராக வைத்திருந்தான்.

"ரொம்ப நல்லா இருக்குடா," என்றாள். "நெஜமா. எனக்கு இப்பதான் வெளங்குது." பிறகு விரலால் துணியைத் தொடாமல், அதற்கு முன்னால் காற்றிலேயே கோட்டைத் தடவிக்கொண்டு போனாள். "இதுல அவங்க எங்கடா இருக்காங்க?"

"யாரு?"

விக்டரின் பேரை அவள் சொல்வதில்லை.

"அத்தானா? அத்தான், நீ, நான், எல்லாருமே இங்கதான்க்கா." கொல்கொதாவுக்கும் புதிய எருசலேமுக்கும் இடையிலிருந்த நீளமான கோட்டில் குச்சியை வைத்தான். "ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல."

அமிர்தம் அந்த வெறும் கோட்டையே பார்த்தாள். அவளும் பாய்லர் மேஸ்திரியின் மகள்தான்.

"நடுவுலன்னா... வண்டி ஓடிக்கிட்டிருக்கா, நின்னுபோச்சா?"

வேதமுத்து தயாராக வைத்திருந்த இரண்டு பதில்களும் இதற்குப் பொருந்தவில்லை. "அதெல்லாம் அப்படிக் கேக்கக் கூடாதுக்கா," என்றான். அவள் தலையை ஆட்டினாள். துணியின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டு அம்மாவோடு நடந்தாள்.

சௌரிராஜன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். "நன்னாப் பேசினே," என்றான். "கடைசியில ஒண்ணு பண்ணினியே, அதுக்கு எல்லாரும் சிரிச்சா. உங்கக்காவும் சிரிச்சா. பார்த்தியோ?"

"சிரிச்சாளா?"

"ம். பக்கத்துல எல்லாரும் சிரிக்கறாளேன்னு சிரிச்சா." செருப்பு கிடைத்துவிட்டது. "எனக்கு டைபாய்ட் வந்தப்போ எங்கம்மா பூக்கட்டிப் போட்டுப் பார்த்தாளாம். வெள்ளைப் பூ வந்தாப் பொழைச்சுப்பேன். சிவப்பாவே வந்துண்டிருந்துதாம். மறுபடி மறுபடி போட்டிருக்கா. எங்கப்பா வேதாந்தம் சொல்றவர், தெரியுமோல்லியோ. ஈச்வர சங்கல்பம்னு ஆரம்பிச்சா மூணு நாழி பேசுவார்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"பக்கத்துல உக்காந்து பூவை இலையில வச்சுக் கட்டிக் குடுத்துண்டிருந்தாராம்," என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளில் ஏறினான்.

மறுநாள் காலை காப்பி கொதித்தது. அமிர்தம் வேதப்புத்தகத்தை எடுக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். அம்மா மகனைப் பார்த்தாள். மகன் செய்தித்தாளைப் பார்த்தான். மத்தியானம் வந்தது. எழும்பூர் வண்டி பொன்மலையைத் தாண்டும் சத்தம் கேட்டது. அமிர்தம் விளக்குச் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. சொன்னால் புரிந்துகொள்கிற பெண்தான், நாம்தான் சரியாகச் சொல்லவில்லை இத்தனை நாளும் என்று வேதமுத்து நினைத்தான். அந்தத் திருப்தி வெள்ளிக்கிழமை வரை நீடித்தது.

பெரிய வெள்ளி ஆராதனையில் மூன்று மணி நேரமும் அவள் உதடு அசைந்தது. பாட்டு வெளியில் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்த கோடு போட்ட சட்டையை எடுத்தாள். தேய்க்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்காக மடித்து, டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்கும் கீழே வைத்து மூடினாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அப்பா எழுந்து வெளியே போனார்.

"டேய்," என்று அம்மா அடுக்களையில் அவன் கையைப் பிடித்தாள். "பழையபடி ஆக்குடா அவளை."

"நீங்கதானேம்மா நிறுத்தச் சொன்னீங்க?"

"ஸ்டேஷனுக்குப் போறதைத்தான்டா நிறுத்தச் சொன்னேன்! நீ என்னத்தை நிறுத்தி வச்சிருக்கேன்னு பாரு. வெள்ளைச் சேலை ஒண்ணுதான் பாக்கி. என்னமோ திட்டம் திட்டம்னியே, அதுல இதுவும் சேத்தியா?"

அன்று பூராவும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரித்திரப் புத்தகத்தைத் திறந்தான், மூடினான். துணியைப் பிரித்துப் பார்த்தான். ஒரு பிழையும் இல்லை. கொல்கொதாவிலிருந்து மஞ்சள் நகரம் வரை கோடு நேராகத்தான் போனது. அந்தக் கோட்டில் எந்த இடத்தில் ஒரு மரக் கம்பெனி குமாஸ்தா நிற்கிறான் என்பதை எந்தக் கோணத்தில் பிடித்தும் அந்தத் துணி சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவன் சைக்கிளை எடுத்தான். ஒரு சந்தேகம் பார்க்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அலமாரியிலிருந்து அமிர்தத்தின் வேதப்புத்தகத்தை எடுத்துத் துண்டில் சுற்றி கேரியரில் வைத்தான். ஜங்ஷனில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கும்போது, தான் யாரையும் எதிர்பார்த்து வரவில்லை என்று எதிரே இருந்தவரிடம் ஒருவரும் கேட்காமலே தெரிவித்தான்.

குண்டுக்குப் பயந்து பட்டணத்தைக் காலி செய்துகொண்டு வருகிறவர்களால் எழும்பூர் வண்டி பிதுங்கியது. அண்டா, தையல் மிஷின், கிளிக்கூண்டு என்று இறங்கிக்கொண்டே இருந்தன. கூட்டம் வடிந்த பிறகு, மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு ஆள், படியைக் கையால் பிடித்து முதலில் ஒரு காலையும் பிறகு இன்னொரு காலையும் இறக்கினான். இரண்டு கால்களிலும் சாக்குத் துணி சுற்றியிருந்தது. குழாயடியில் உட்கார்ந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

"எங்கேர்ந்துங்க வரீங்க?" என்று வேதமுத்து பக்கத்தில் போய்க் கேட்டான்.

"பர்மாவிலேர்ந்து. துவாக்குடிப் பக்கம் நம்ம ஊரு. பிச்சமுத்துன்னு பேரு," என்றான், யாரோ எழுதிக்கொள்ளப்போவது மாதிரி.

வேதமுத்து விக்டரின் பேரைச் சொன்னான். கம்பெனியின் பேரைச் சொன்னான். உயரம், நிறம், இடது புருவத்துத் தழும்பு எல்லாம் சொன்னான். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டான்.

"அங்க யாருக்குத் தம்பி பேரு இருந்துச்சு? பாதிப்பேரு மலையிலேயே விழுந்துட்டாங்க. மிச்சப்பேரைச் சிட்டகாங்குப் பக்கம் கூடாரம் போட்டு வச்சிருந்தாங்க. கண்ணுக்கெட்டின மட்டும் கூடாரம்தான். காச்சல்காரங்க இன்னும் அங்கதான் கெடக்கிறாங்க."

"கூடாரத்துலயா?"

"ஆமா. வேற என்ன, மச்சு வீடா குடுப்பாங்க?"

அவன் நொண்டிக்கொண்டு போன பிறகு வேதமுத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். அகதிகள் கூடாரத்தில்தான் இருப்பார்கள். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் விரல் தற்செயலாகப் பட்டது. இந்த வாதத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான்; மூன்றும் சரியாகவே இருந்தன. துண்டைப் பிரித்து, சந்தேகம் பார்க்கவேண்டிய பக்கத்தை எடுத்தான். திரைகளின் முழக்கணக்கு அப்படியே இருந்தது. ஜனங்கள் நடந்தபோது கூடவே பிரித்தெடுத்து, அவர்கள் நின்ற இடத்தில் கூடவே அடித்து நிறுத்திய ஒரு கூடாரம். ஓடுகிறவர்களோடு தாமும் கூடாரத்தில் தங்கிக்கொண்டு போகிற கடவுள். கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினான். மஞ்சள் மசியில் பன்னிரண்டு வாசல் போட்டானே, அந்த நகரத்தைச் சொல்கிற இடத்திலும், மனுஷர் நடுவே கடவுளின் வாசஸ்தலம் என்று அதே கூடாரம்தான் இருந்தது. இதை அவன் பலமுறை படித்தவன். இதற்குத்தான் கூட்ஸ் ஷெட் என்று பெயர் வைத்திருந்தான்.

படத்தைத் திருத்திவிடலாம். திருத்தினால் முன்னைவிட நன்றாகவே இருக்கும். ஐயர் இன்னொரு தரம் கண்ணாடியைத் துடைப்பார். ஆனால் வீட்டில் ஆணி காலியாக இருந்தது.

அடுத்த வண்டி எப்போது என்று கேட்டான். பாசஞ்சர் ஒன்று பாக்கி, தாமதம் என்றார்கள். வெயில் இறங்கிப் பிளாட்பாரத்தின் பாதியில் வந்து நின்றது. வடைக்காரன் கூடையின் மேல் தலை வைத்துத் தூங்கினான். அந்தக் கோடியில் ஒரு போர்ட்டர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். வேதமுத்து இரண்டு பக்கமும் பார்த்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். வேதப்புத்தகத்தை மூடி, மடியில் நிமிர்த்தி வைத்து, தூக்கம் வருகிறவன் மாதிரி ஒரு கொட்டாவி விட்டுக் கண்ணை மூடினான்.

திறந்து, விரலை வைத்தான். ஏதோ ஒரு கோத்திரத்தின் வம்ச அட்டவணை. இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னானைப் பெற்றான். விரலுக்கு மேலும் கீழும் பேர்கள், பேர்கள். விக்டர் என்று எங்கேயும் இல்லை.

அவன் புத்தகத்தை மூடினான். விரல் சரியாகப் படவில்லை. வேர்வையாக இருந்தது, துண்டின் முனையில் துடைத்துக்கொண்டான். மறுபடியும் கண்ணை மூடி, பக்கங்களைக் கட்டைவிரலால் சரசரவென்று ஓடவிட்டு, ஓர் இடத்தில் பிளந்தான். தண்டவாளத்து ஓரமாகப் போகிற கம்பி இழுபட்டது. பிளாட்பாரத்துக்கு அப்பால், வரப்போகிற பாசஞ்சருக்குக் கைகாட்டி ணங்கென்று இறங்கியது. அவன் விரல் இன்னும் இறங்கவில்லை. பக்கத்துக்கு ஒரு சாண் மேலே, காற்றில், இடம் தேடிக்கொண்டிருந்தது.